முந்திப் போய் உட்கார்ந்த இடங்கள்

ரகு, உன் கடிதம் கிடைத்தது. புனேயில் மழை விட்டுவிட்டது, மலையெல்லாம் பச்சையாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தோறும் சுதாவை ஸ்கூட்டரில் வைத்து ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறேன், சின்ன வயதில் நீ என்னை டில்லி முழுக்க அழைத்துப் போனாயே அந்த மாதிரி என்று எழுதியிருக்கிறாய். கல்யாணமான புதிதில் அப்படி ஊர் சுற்றுவதுதான் சரி. ஆனால் அதே கடிதத்தின் கடைசியில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறாய். வைத்தி மாமா ரிட்டயர் ஆகி மெட்ராஸுக்கே போகிறாராமே, ஸ்டேஷனுக்குப் போய் ராஜம் மாமியைப் பார்த்துவிட்டு வா அம்மா, என்றைக்கோ நடந்தது, மறந்துவிடு என்று. ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே என்ன நடந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் உன்னை எங்கேயும் அழைத்துப் போகவில்லை. ராஜம் மாமியைப் பழி வாங்கப் போனேன். நீ கூட வந்தாய்.

அந்த பிக்னிக்குகளை ஆரம்பித்து வைத்தவர் உன் அப்பா. அது உனக்கு ஞாபகம் இருக்காது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள், கரோல் பாகில் இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள். டில்லிக்கு வந்து ஃபைலையும் பஸ் ஸ்டாப்பையும் மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்பக் கூடாது என்பார் அப்பா. மாதம் ஒரு ஞாயிறு ஒரு பஸ் பேசி, சாப்பாடு கட்டிக்கொண்டு எல்லோருமாகக் கிளம்புவோம். குளிர் காலத்தில் வெயில் தேடிப் போவது, கோடையில் நிழல் தேடிப் போவது, மழையில் தண்ணீர் பார்க்கப் போவது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு ஆகஸ்ட் மாதம், ஆபீஸ் மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உனக்கு அப்போது எட்டு வயது. அவர் வேலை பார்த்த ஆபீஸிலேயே எனக்கு ஒரு வேலை போட்டுக்கொடுத்தார்கள், அதனால் குவார்ட்டர்ஸ் தப்பியது. எங்கள் மேல்மாடியில் இருந்த ராஜம் மாமி பிக்னிக் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் வைத்தி சார்தான் எங்கள் செக்‌ஷன் ஆபீசர், அப்பாவுக்கு நல்ல சிநேகிதர்.

டிசம்பரில் முதல் பிக்னிக் குதுப்மினாருக்கு என்று பேச்சு. என்னை யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாலு மாதமாக ஆபீஸ், வீடு, சுவர் என்று இருந்தவளுக்கு ஒரு நாள் வெயிலில் உட்கார வேண்டும் போல் இருந்தது. புளியோதரை கிளறி டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு, உனக்கு அந்தச் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டு, கீழே இறங்கி வந்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறப்போனவளை ராஜம் மாமி படியிலேயே கை நீட்டி மறித்தாள். அவள் கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. சீசனுக்கு முதல் முதலா கிளம்பறோம். குழந்தை குட்டியோட போறோம். எதிர்ல நீ..."

"நான் எதிர்ல வரலை மாமி. உங்களோட வரேன்."

"அச்சா, அதெல்லாம் பேசறதுக்கு நன்னாருக்கும். வருஷம் திரும்பட்டும், பாக்கலாம். ரகுவை வேணா அனுப்பு. நாங்க பாத்துக்கறோம்."

பஸ்ஸுக்குள்ளே இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. அப்பாவோடு கேலி பேசியவர்கள், என் கைச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள், எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வைத்தி சார் தன் செருப்பைப் பார்த்தார். நீ என் கையை உதறிவிட்டு ஏறப் போனாய். நான் விடவில்லை. பஸ் போய்விட்டது. நீ ரோட்டில் உட்கார்ந்து அழுதாய். அழுகிற உன்னைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரவில்லை, வேறொன்று வந்தது. அந்த பஸ் கரோல் பாக் போய் அங்கே உள்ளவர்களை ஏற்றிக்கொண்டுதான் குதுப்மினாருக்கு வர வேண்டும். டவுன் பஸ் நேரே போகும். உன்னைத் தூக்கி நிறுத்தி, "ஜல்தி நட, நாமளும் போறோம்" என்றேன்.

நாம் போய் இறங்கியபோது மூடுபனி இன்னும் முழுசாக விலகவில்லை. மினாரின் மேல் பாதி தெரியவில்லை. கிளிகள் மட்டும் பனிக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தன. வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே வருகிறவர்கள் தாண்டித்தான் போக வேண்டிய புல்தரையில் ஜமக்காளத்தை விரித்தேன். சூரியன் வந்தால் முதலில் அங்கேதான் விழும் என்பது அப்பா சொல்லிக் கொடுத்தது. வாசலில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன், நீ உரித்துத் தின்றுகொண்டிருந்தாய். வெகு நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். ராஜம் மாமிதான் முன்னால் வந்தாள், கையில் பூக்கூடை மாதிரி ஒரு பிரம்புக் கூடை. கிளம்பும்போது எதிரில் வரக் கூடாத முகம், போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் முகமாக உட்கார்ந்திருந்தது. அவள் நின்றாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் இடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கைகூப்பி, "வாங்கோ மாமி, பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்றேன். ரகு, உன் அப்பா போனபிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது. புளியோதரையில் பாதியை நானே சாப்பிட்டேன்.

ஒரு முறையோடு விட்டிருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் எங்கே போகப் போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லக் கூடாது என்று ராஜம் மாமி கட்டளை போட்டுவிட்டாளாம். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வைத்தி சார் ஒரு ஃபைலை என் மேஜை மேல் வைத்தார். அதைப் பிரித்துக்கொண்டே, "நாளைக்கு ஓக்லா. யமுனைக் கரையிலே கிழக்குப் பக்கம் நல்ல வெயில் வரும்" என்றார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் தன் அறைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். நான் ஏன் என்று கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, நீயும் யாரிடமும் சொல்லாதே.

இடம் பிடிப்பது என்பது லேசான காரியம் இல்லை. சுதாவோடு போகும்போது உனக்கே உதவும் என்பதால் சொல்கிறேன். போனவுடன் எங்கே நிழல் இருக்கிறது என்று பார்க்காதே. சாப்பிடுகிற நேரத்துக்கு அது எங்கே நகர்ந்திருக்கும் என்று பார். குளிரில் காற்று வரும் பக்கம் ஒரு சுவராவது புதராவது முதுகுக்கு இருக்க வேண்டும். பிப்ரவரியில் இலவ மரத்தடி வேண்டாம், பூ ஒவ்வொன்றும் ஈரத் துணிப்பந்து மாதிரி தலையில் விழும். ஆனால் அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், மைனாவும் கிளியும் தேன் குடிக்க வந்து போடுகிற சண்டையைப் பார்க்க. மார்ச்சில் வேம்பு இலை கொட்டும். வசந்தத்தில் சருகு, அதுவும் ஒரு அதிசயம்தான். அப்போது ஜமக்காளத்துக்கு அடியில் அந்தச் சருகைக் குவித்துப் போட்டால் மெத்தை. இதெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதில்லை. எதிரியை விட நல்ல இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொண்டது. சனிக்கிழமை தெரிந்துகொண்ட இடத்துக்கு ஞாயிறு விடிவதற்குள் போய்ச் சேர வேண்டுமானால், ஒவ்வொரு இடமும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் பிக்னிக் இல்லாத ஞாயிறுகளிலும் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வைத்தேன். அவையெல்லாம்தான் உன் சந்தோஷமான நாட்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் அவற்றுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

குழந்தைகள் ஒவ்வொருவராக நம் பக்கம் வந்தது ஏப்ரலுக்குப் பிறகு. ராஜம் மாமியின் பிக்னிக்கில் பெரியவர்கள் சீட்டாடுவார்கள், மாமிகள் புடவையும் பதவி உயர்வும் பேசுவார்கள், குழந்தைகள் ஓடக் கூடாது, மண்ணில் உட்காரக் கூடாது. நீயோ என் பக்கத்தில் மரம் ஏறிக்கொண்டிருந்தாய். முதலில் வந்தவள் ராஜம் மாமியின் மகள் உமா. உன்னை விட ஒரு வயது பெரியவள். "ஆன்ட்டி, நானும் ஏறட்டுமா?" என்றாள். ஏறு என்றேன். அவள் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான் ஏறச் சொன்னேன்.

மே மாதம் ஹௌஸ் காஸ். பழைய கல் மண்டபங்கள், அவற்றுக்குக் கீழே வற்றிப்போன குளம். அவர்கள் மாலை வெயில் தாழ்ந்து வந்து, திறந்த மேட்டில் விரிப்புப் போட்டு, அவியலும் பால் பாயசமும் எடுத்து வைத்தார்கள். அங்கே காற்று நன்றாக வரும் என்று ராஜம் மாமி நினைத்திருப்பாள். நான் மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். திடீரென்று காற்று நின்றது. வடமேற்கில் வானம் பழுப்பாகத் திரண்டது. பருந்துகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கின. ஆந்தி வரப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புழுதிப் புயலை வெளியில் நின்று பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். நான் எழுந்து கைதட்டி, "யாரெல்லாம் கண்ணாமூச்சி ஆட வரேள்? மண்டபத்துக்குள்ளேதான் ஒளியணும்" என்றேன். குழந்தைகள் அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். பெரியவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். நான் தூணில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சீட்டுக்கட்டு பறந்தது. பிறகு விரிப்பு. பிறகு மேடே தெரியவில்லை. புயல் ஓய்ந்தபோது பாயசத்தின் மேல் மண் ஒரு ஏடு மாதிரி படிந்திருந்தது, ராஜம் மாமியின் கூந்தல் செம்மண் நிறத்தில் இருந்தது. உமா என் முந்தானைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அம்மா பாரு, பூதம் மாதிரி" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.

ஜூலையில் மறுபடியும் ஓக்லா. மழை பிடித்து யமுனை மதகுகளைத் தாண்டி இரைந்துகொண்டிருந்தது. வரும் வழியில் இந்தியா கேட் பக்கத்து மரங்களின் கீழே உதிர்ந்த நாவல் பழங்களை ஒரு தூக்கு நிறையப் பொறுக்கி எடுத்து வந்திருந்தோம். பஸ் நின்றதும் குழந்தைகள் அம்மாக்களின் கையை விடுவித்துக்கொண்டு நேரே நம்மிடம் ஓடி வந்தார்கள். சிறிது நேரத்தில் எல்லா நாக்கும் ஊதா. அப்போதுதான் ராஜம் மாமி புல்தரையைக் கடந்து வந்தாள். உமாவின் கையைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தை அழவில்லை, பிரமித்து நின்றது. மாமி என் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு இப்படிப் பண்றே?"

"எப்படி மாமி?"

"நாங்க போற எடத்துக்கெல்லாம் முன்னாடி வந்து உக்காந்துண்டு."

"இது சர்க்கார் எடம் மாமி. யார் வேணா வரலாம்."

"உன் மூஞ்சியப் பாக்காம ஒரு நாள் சந்தோஷமா இருக்க விடமாட்டியா?"

"மாட்டேன் மாமி. அதுக்குத்தான் வரேன்."

பின்னால் நின்றுகொண்டிருந்த கரோல் பாக் சுந்தரி மெல்ல நடந்து வந்து என் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு பழம் குடு" என்றாள். அன்றைக்கு பஸ் திரும்பிப் போனபோது அதில் பாதி இடம் காலியாக இருந்தது. மீதிப் பேர் நம்மோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள்.

அந்த வருஷ டிசம்பரில் பிக்னிக் பஸ் என் பெயரில் பேசப்பட்டது. ராஜம் மாமியைக் கூப்பிடலாமா என்று சுந்தரி கேட்டாள். கூப்பிட வேண்டாம், வர வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம் என்றேன். எனக்குச் செய்ததைத்தான் செய்தேன், ஒரு மாற்றும் குறையாமல். வைத்தி சார் உமாவை அழைத்துக்கொண்டு வந்து ஏறினார். ராஜம் மாமி மேல்மாடி பால்கனியில் நின்று, ஏற்கெனவே உலர்ந்துபோன துணிகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பும்போது நான் வேண்டுமென்றே தலையை வெளியே நீட்டி அவளைப் பார்த்தேன். அவள் பார்க்கும் வரை பார்த்தேன்.

அவளும் சாமானியப்பட்டவள் இல்லை. அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. ஆர். கே. புரத்திலிருந்து புதுக் குடும்பங்களாகச் சேர்த்துத் தனியாக ஒரு கோஷ்டி ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நீ காலேஜ் முடிக்கும் வரை இரண்டு கோஷ்டிகள், எந்தத் தோட்டமானாலும் இரண்டு மூலைகள். கொன்றை பூக்கிற வாரம், பவழமல்லி உதிர்கிற வாரம், பழைய கோட்டைப் பக்கம் நாரைகள் கூடு கட்டுகிற வாரம், எல்லாவற்றையும் அவளும் கற்றுக்கொண்டாள். வைத்தி சார் மட்டும் ஃபைல் கொண்டு வருவதை நிறுத்தவில்லை. அதனால் நான்தான் எப்போதும் முந்தினேன். ஒரே ஒரு தடவை, புத்த ஜெயந்திப் பூங்காவில், நான் குறித்து வைத்திருந்த இலவ மரத்துக்குப் பக்கத்தில் அவள் விடிவதற்கு முன்பே வந்து விரிப்புப் போட்டு, பிளாஸ்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கூடச் சொல்லாமல் அன்று கிளம்பும் நேரத்தை மாற்றினாளாம். "வாங்கோ, பிரயாணம் சௌகரியமா இருந்துதா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. உன்னை அந்த வாரம் காரணமில்லாமல் திட்டியது அதற்காகத்தான்.

இப்போது ஸ்டேஷனுக்கு வருகிறேன். நீ சொன்னதற்காகப் போனேன் என்று நினைக்காதே. அவள் போகிறாள் என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வைத்தி சார் சீட்டுக்கு அடியில் டிரங்குப் பெட்டியைச் சங்கிலியால் கட்டிக்கொண்டிருந்தார். உமா கல்யாணமாகி கான்பூரில் இருக்கிறாள், வர முடியவில்லையாம். ராஜம் மாமி ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தியே. இனிமே எங்க பாக்கப் போறோம். எல்லாத்தையும் மறந்துடும்மா."

"மறக்கலை மாமி."

"இன்னுமா கோபம்?"

"ஆமாம் மாமி."

அவள் கையை எடுக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு மட்டும் சொல்லிடு. நாங்க எங்க போறோம்னு உனக்கு யார் சொன்னா? சுந்தரிதானே? நான் அவளோட பேசறதையே விட்டுட்டேன்" என்றாள்.

கீழே சங்கிலிச் சத்தம் நின்றது. வைத்தி சாரின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"சுந்தரி இல்லை மாமி. அவ பாவம், ஒண்ணும் தெரியாது."

ராஜம் மாமியின் முகம் தொங்கிப்போயிற்று. இத்தனை வருஷம் தப்பான ஆளோடு பேசாமல் இருந்திருக்கிறாள். "பின்ன யாரு?" என்றாள்.

"யோசிச்சுப் பாருங்கோ. மெட்ராஸ் போய்ச் சேர ரெண்டு ராத்திரி இருக்கே."

வண்டி நகர்ந்தது. அவள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அந்த நல்ல மனுஷரை நான் காட்டிக்கொடுக்கவில்லை. அவளுக்கு நிம்மதியும் கொடுக்கவில்லை. ஒரே பதிலில் இரண்டும் நடந்தது. பிளாட்பாரத்தில் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

இதைத்தான் நீ மறந்துவிடு என்கிறாய். அவள் உன் முகத்துக்கு நேரே என்னைத் தடுத்தபோது நான் வீட்டுக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், இந்த ஊரில் எத்தனை மரம் எத்தனை விதமாகப் பூக்கிறது என்று எனக்கும் தெரிந்திருக்காது, உனக்கும் தெரிந்திருக்காது. உன்னையும் சுதாவையும் யாராவது ஒரு நாள் ஒதுக்கி வைப்பார்கள். எல்லோருக்கும் நடக்கிறதுதான். அப்போது மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே உட்காராதே. வெளியே போ. அவர்கள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நன்றாக உட்கார், நன்றாகச் சாப்பிடு.

போன ஞாயிறு ஓக்லாவுக்குப் போனேன். பழக்கத்தில் இருட்டிலேயே எழுந்துவிட்டேன். குளிர் இப்போதுதான் தொட ஆரம்பித்திருக்கிறது. வடக்கிலிருந்து வாத்துகள் வந்து இறங்கிவிட்டன, தண்ணீர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாக மிதந்தன. கிழக்குக் கரையில் எனக்கு வேண்டிய இடத்தில் விரித்து உட்கார்ந்தேன். சூரியன் ஏறியது. சுந்தரியும் மற்றவர்களும் பத்து மணிக்குத்தான் வருவதாக இருந்தது. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏதாவது சத்தம் போட்டால் முதுகு தானாக நிமிர்ந்தது. எதிர்க் கோஷ்டியில் யாரும் வரவில்லை என்றதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வாத்துகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை, கொண்டுபோன சாப்பாடும் இறங்கவில்லை. அந்த ரயில் எங்கேயாவது நின்று திரும்பி வந்துவிடக் கூடாதா என்று நினைத்தேன், ரகு. அவளை மன்னிக்க இல்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அவளுக்கு முந்திப் போய் உட்காரத்தான்.

சுதாவுக்கு என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை அவளும் படிக்கட்டும்.

அம்மா